ஆறு ஞாயிறும் ஒரு வெண்ணெய் டப்பாவும்

கிழமை என்னவோ ஞாயிறுதான். ஆனால் ஹொரேஸ் பிக்கெட்டுக்கு அன்றைக்குப் பிடித்தது சனி.

எங்கள் மவுண்ட் ஹெப்ரான் சபையின் ஆண்டு விழா. ஆராதனை முடிந்து எல்லோரும் கீழ்த்தளத்துக் கூடத்தில் தட்டும் கையுமாக வரிசையில் நிற்கிறோம். நீள மேஜையில் இருபது வீட்டுச் சமையல். அட்லாண்டாவில் பிறந்து வளர்ந்த பச்சைக் குழந்தைக்குக்கூட ஒரு விதி தெரியும். இந்த மாதிரி இடத்தில் கரண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இது யார் செஞ்சது?" பதில் திருப்தி என்றால் தட்டை நீட்டலாம். இல்லை என்றால், "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார்" என்று அடுத்த பாத்திரத்துக்கு நகர்ந்துவிடலாம். போதகரே அப்படித்தான் செய்கிறார்.

ஹொரேஸ் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். சிவப்பு விளக்கில் நிற்கத் தெரிந்தவருக்கு இங்கே நிற்கத் தெரியவில்லை. கண்ணில் பட்ட மக்ரோனி சீஸை ஒரு குன்று அள்ளினார். ஒரு வாய் போட்டார். கண்ணை மூடினார். பிறகு கூடத்தின் அந்தக் கோடியில் நின்ற மனைவிக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஓஸெல்லா! நாப்பது வருஷத்துல உன் மக்ரோனி இவ்வளவு நல்லா வந்ததே இல்லை!"

கூடம் அமைதியானது. ஆராதனையில்கூட அப்படி ஓர் அமைதி வந்ததில்லை என்று போதகர் பிற்பாடு வருத்தப்பட்டார். ஏனென்றால் ஓஸெல்லாவின் மக்ரோனி இன்னும் திறக்கப்படவே இல்லை. அது மேஜையின் மறு கோடியில் மூடியபடி இருந்தது. ஹொரேஸ் தின்றது சிஸ்டர் லவோனியா க்ரம்ப் செய்தது. சிஸ்டர் லவோனியாவும் ஓஸெல்லாவும் பாடகர் குழுவில் இருபது வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள். ஒருவர் பாடுவது மற்றவர் காதில் விழக் கூடாது என்பதற்காகவே இருவரும் அவ்வளவு சத்தமாகப் பாடுகிறார்கள்.

"ஆண்டவருக்கே மகிமை, பிரதர் பிக்கெட்!" என்றார் சிஸ்டர் லவோனியா. அந்த அம்மாள் முகத்தில் பல் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

ஓஸெல்லா தன் பாத்திரத்தை மூடியபடியே தூக்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டாள். திட்டுகிற மனைவியைச் சமாளித்துவிடலாம். பாத்திரத்தோடு போகிற மனைவியை என்ன செய்வது?

அதன் விளைவு அடுத்த ஞாயிறு தெரிந்தது. பிக்கெட் வீட்டில் வாரநாள் சாப்பாடு பெயருக்குத்தான், சூப்பும் ரொட்டியும். ஞாயிற்றுக்கிழமைதான் சாப்பாடு. பொரித்த கோழி, காலர்ட் கீரை, காராமணி, சர்க்கரைவள்ளி, சோள ரொட்டி. ஹொரேஸ் வாழ்வதே அதற்காகத்தான். சபை முடிந்து வந்து கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார். மேஜையில் பூச்சாடி மட்டும் இருந்தது. ஓஸெல்லா சோபாவில் காலை நீட்டிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு லேட்டா?"

"இல்லை."

"அப்ப ரெடியா?"

"சாப்பாடே இல்லை, மிஸ்டர் பிக்கெட்."

நல்ல நாளில் ஓஸெல்லாவுக்கு அவர் 'ஹொரேஸ்', 'நீ'. 'மிஸ்டர் பிக்கெட்', 'நீங்க' என்று மரியாதை கூடினால் மனிதர் தொப்பியைத் தேடுவது நல்லது.

"நாப்பது வருஷம்," என்றாள் ஓஸெல்லா, பத்திரிகையைத் தாழ்த்தாமல். "ரெண்டாயிரம் ஞாயித்துக்கிழமை. என் கைக்கும் லவோனியா கைக்கும் வித்தியாசம் தெரியலை உங்களுக்கு. அப்ப நான் இத்தனை நாளா யாருக்குச் சமைச்சேன்? குப்பைத் தொட்டிக்குப் போட்டிருந்தா அதுவாவது வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கும்."

"பசி மயக்கம், கண்ணு. ஏதோ தெரியாம..."

"பசி வயித்துக்கு. நாக்குக்கு என்ன கேடு?"

இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தால் கதை இல்லை. ஹொரேஸும் கோழியோடு நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் நாக்கைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தவளை தன் வாயால்தானே கெடும்?

"என் நாக்கையா சொல்றே? முப்பத்தோரு வருஷம் இந்த ஊரைச் சுத்தினவன் நான்! பஸ் ஜன்னலைத் திறந்தாப் போதும், எந்தத் தெருவுல எந்த அடுப்புல என்ன வேகுதுன்னு சொல்லிடுவேன். அட்லாண்டாவுல நல்ல சோல் ஃபுட், நம்ம கறுப்பு ஜனங்க வீட்டுச் சாப்பாடு, எங்கே கிடைக்கும்னு என்னைக் கேக்காம வேற யாரைக் கேக்கறது?"

பத்திரிகை தாழ்ந்தது. மூக்குக் கண்ணாடிக்கு மேலே இரண்டு கண்கள் தெரிந்தன.

"அப்படியா? காட்டுங்க."

"என்னத்தை?"

"ஒரு கடை. ஒரே ஒரு கடை. அங்க ஒரு தட்டுச் சாப்பாட்டை நான் ஒரு வாய் மிச்சம் வைக்காம, ஒரு குறை சொல்லாம சாப்பிடணும். அன்னிக்கு ஒத்துக்கறேன், உங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்குன்னு. அடுத்த ஞாயிறே அடுப்பைப் பத்த வெக்கறேன்."

"ப்பூ! இவ்வளவுதானா?"

"இன்னும் இருக்கு. இன்னிக்கு எண்ணாம ஆறு ஞாயிறு. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின ஞாயிறோட முடிஞ்சுது. அதுக்குள்ள நடக்கலைன்னா, தேங்க்ஸ்கிவிங் விருந்து உங்க பொறுப்பு. என் தம்பி தங்கச்சி குடும்பம் இருபத்திரண்டு பேர். வான்கோழியிலேருந்து பீச் பை வரைக்கும், எல்லாம் உங்க கையால."

ஹொரேஸ் தம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வெந்நீர் போட்டிருக்கிறார். அந்தப் பாத்திரத்தை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"ஆறு எதுக்கு? ஒண்ணு போதும்."

மனிதர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மறுநாளே பழைய பேருந்துத் தட வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜை முழுக்க விரித்தார். அதில்தான் வேறு எதுவும் வைக்க வேலை இல்லையே. சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். முடிவெட்டும் கடையில் விசாரித்தார். சவ அடக்கம் செய்கிற மிஸ்டர் ட்ராமலைப் போய்ப் பார்த்து, "துக்க வீட்டுக்கு எங்கேருந்து சாப்பாடு வரவழைக்கறீங்க?" என்று கேட்டார். உடம்பு சரியில்லையா என்று அவர் அன்போடு விசாரித்தார்.

நல்ல கடைக்கு ஹொரேஸ் சொந்தமாகச் சில இலட்சணங்கள் வைத்திருந்தார். காரை நிறுத்த இடம் இருந்தால் அது நல்ல கடை இல்லை. நாற்காலி நான்கும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம். பலகையில் எழுதிய பதார்த்தங்களில் பாதிக்கு மேல் 'தீர்ந்தது' என்று கோடு போட்டிருந்தால் பிரமாதம். எல்லாவற்றுக்கும் மேல், பரிமாறுகிற அம்மாள் சிரிக்கக் கூடாது. கைச்சமையலில் நம்பிக்கை உள்ளவள் எதற்காகச் சிரிக்க வேண்டும்?

இவ்வளவு தெரிந்தவர் முதல் ஞாயிறு எங்கே போனார் தெரியுமா? காஸ்கேட் சாலையில் புதிதாகத் திறந்த, வெள்ளை மேஜை விரிப்புப் போட்ட கடைக்கு. மனைவி மனசைக் குளிர வைக்கலாம் என்று ஒரு நப்பாசை. ஒரு பையன் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தபடி, உள்ளங்கை அளவு வாணலியில் மக்ரோனியும், அதன் தலையில் ஒரு இலையும் கொண்டு வந்து வைத்தான். ஓஸெல்லா அந்த இலையை முள்கரண்டியால் தூக்கிப் பார்த்தாள்.

"இது எதுக்கு? துக்கத்துக்கு வெச்ச மலர்வளையமா?"

"அலங்காரம், கண்ணு. நீ சோள ரொட்டியைச் சாப்பிட்டுப் பாரேன்."

அவள் ஒரு கடி கடித்தாள். "இது ரொட்டி இல்லை, கேக். மெழுகுவத்தி எங்கே? யாருக்குப் பொறந்த நாள்?"

சோள ரொட்டியில் சர்க்கரை. முதல் ஞாயிறு அவுட்.

இரண்டாவது ஞாயிறு வெஸ்ட் எண்டில் ஒரு கடை. ஊரே நல்ல கடை என்றது. கீரை வந்தது. ஓஸெல்லா கிளறிப் பார்த்து, ஒரு துண்டு இறைச்சியைத் தட்டின் ஓரமாகக் கைது செய்தாள்.

"என்ன இது?"

"புகை போட்ட வான்கோழி. பன்னிக்காலுக்குப் பதிலா. இப்ப எல்லாரும் இப்படித்தான். உடம்புக்கு நல்லதாம்."

"வான்கோழிக்கு நவம்பர்ல ஒரு நாள் ஒதுக்கியிருக்கு. மத்த நாள்ல அதுக்குக் கீரைக்குள்ள என்ன வேலை?"

மூன்றாவது ஞாயிறு ஹொரேஸ் தீவிரமானார். அவர் வட்டம் போட்டிருந்த கடையில் மெதடிஸ்ட் சபைக்காரர்கள் பன்னிரண்டரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் போதகர் கையில் கடிகாரம் கட்டியவர். எங்கள் போதகர் அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் பேசுகிறவர். ஆகவே ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே நழுவுவது என்று முடிவு. ஹொரேஸ் எழுந்தார். எங்கள் வழக்கப்படி, 'மன்னிக்கணும், அவசரம்' என்பதற்கு அடையாளமாக ஒற்றை விரலைத் தூக்கியபடி, குனிந்து, பூனை நடையாக நடந்தார். கதவுக்கு நாலடி இருக்கும்போது பிரசங்கம் நின்றது.

"பிரதர் பிக்கெட், நான் முடிச்சுட்டேன்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

அப்புறமும் அரை மணி நேரம் போயிற்று. அதற்கு அப்புறம் ஓஸெல்லா, ஒரு நாளும் இல்லாத திருநாளாக, மூத்த தாய்மார் ஒவ்வொருவரிடமும் முழங்கால் வலி விசாரித்தாள். போய்ச் சேர்ந்தபோது மெதடிஸ்டுகள் பீச் பைக்கு வந்துவிட்டார்கள். பலகையில் எல்லாவற்றுக்கும் கோடு. மிச்சம் இருந்தது அவித்த முட்டைக்கோஸ். அதிலும் அவள் பாதி வைத்துவிட்டாள்.

நான்காவது ஞாயிறு டிகேட்டர் பக்கம் கெளுத்தி மீன் கடை. பரிமாறிய அம்மாள், "நின்னுக்கிட்டே இருந்தா என்ன அர்த்தம்? வாயைத் திறந்து சொல்லுங்க!" என்று அதட்டினாள். ஹொரேஸுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓஸெல்லாவும் மீனைத் தின்றாள், முள் மட்டும் மிஞ்சியது. கீரையைத் தின்றாள், குறையே சொல்லவில்லை. அப்புறம் மக்ரோனியைக் கரண்டியால் தொட்டாள். அது தட்டிலிருந்து தானாக வழிந்தது.

"இது அடுப்புக்குள்ள போகவே இல்லை. அடுப்பைத் தூரத்திலேருந்து பாத்திருக்கு."

ஐந்தாவது ஞாயிறுதான் ஹொரேஸ் மனசை உடைத்தது. மிஸ்டர் ட்ராமல் சொன்ன கடை. எல்லாம் அப்பழுக்கில்லை. கோழி எலும்பாயிற்று, காராமணி காணாமல் போயிற்று, கீரை இருந்த சுவடே இல்லை. தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு வாய் சர்க்கரைவள்ளி. ஓஸெல்லா கைத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓஸெல்லா. கண்ணு. அந்த ஒரு வாய்..."

"வயிறு நிறைஞ்சுடுச்சு, ஹொரேஸ்."

"ஒரு வாய்தான்! மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே தள்ளிடு!"

"ஐயோ, உடம்புக்கு ஆகாது," என்றாள் அவள். ஐந்து வாரமாகச் சுடச்சுட வெளிச்சாப்பாடு. பாத்திரம் தேய்க்கிற வேலை இல்லை. கன்னம் இரண்டும் மினுமினு என்று இருந்தது. "அடுத்த வாரம் எந்தக் கடை? மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கலாம்னு பாக்கறேன்."

அப்போதுதான் ஹொரேஸ் மண்டையில் விளக்கு எரிந்தது. இவள் ஜெயிக்க விட மாட்டாள்! எந்தக் கடையிலும் ஒரு வாய் மிச்சம் வைப்பாள். தேவதைகளே இறங்கி வந்து சமைத்தாலும் இறகு கிடந்தது என்பாள். நேர் வழி போதாது. இனி குறுக்கு வழிதான்.

வியாழக்கிழமை யோசனை உதித்தது. அவ்வளவு அழகான யோசனை என்பதால் அவர் தமக்குத் தாமே கை குலுக்கிக்கொண்டார். ஓஸெல்லாவின் கீரையையே ஓஸெல்லாவுக்கு வைத்தால்? கடைக்காரி தட்டில் வைத்துக் கொடுத்தால்? வழித்துத் தின்றால் ஹொரேஸுக்கு வெற்றி. குறை சொன்னாலோ அதைவிடப் பெரிய வெற்றி. தன் கையைத் தானே அடையாளம் தெரியாதவள், அடுத்தவன் நாக்கைப் பற்றி எப்படிப் பேசுவாள்?

கார் கொட்டகையில் பெரிய ஃப்ரீசர் இருந்தது. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் வெண்ணெய் டப்பாவில் வெண்ணெய் இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. வெண்ணெய் தீர்ந்ததும் டப்பா கழுவப்பட்டு, மிச்சக் கீரைக்கோ குழம்புக்கோ வீடாகிவிடும். ஓஸெல்லா ஃப்ரீசரில் எப்போதும் பத்துப் பதினைந்து டப்பா அடுக்கி இருக்கும். சனிக்கிழமை அவள் பாட்டுப் பயிற்சிக்குப் போன நேரம் ஹொரேஸ் மூடியைத் தூக்கினார். ஒரே ஒரு டப்பாதான் இருந்தது. மேலே ஒட்டுத்தாளில் ஓஸெல்லா கையெழுத்தில் 'கீரை'. மற்ற டப்பாக்கள் எங்கே என்று யோசிக்கிற மனிதர் வேறு மாதிரி. அவர் இந்தக் கதையில் இல்லை.

டப்பாவை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு நேராக மிஸ் டெல்ஃபைன் கடைக்குப் போனார். ஒரு பழைய வீட்டின் முன் அறையில் எட்டு மேஜை போட்ட கடை. இலட்சணங்கள் அத்தனையும் பொருந்தும். மிஸ் டெல்ஃபைன் கடை வைப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தவள். விடிகாலை முதல் பேருந்தில் போவாள். அவள் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் ஹொரேஸ் வண்டியை எடுக்க மாட்டார். அந்த நன்றி அவளுக்கு உண்டு.

"மிஸ்டர் ஹொரேஸ், எனக்கு இது பிடிக்கலை," என்றாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "என் கடையில என் கீரைக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறையும் இல்லை. அதுதான் கஷ்டம். எவ்வளவு நல்லா இருந்தாலும் அவ மிச்சம் வெப்பா. கோழி, மக்ரோனி எல்லாம் உன்னுதே இருக்கட்டும். கீரை மட்டும் இது."

அவள் கொஞ்சம் சூடு பண்ணி ஒரு கரண்டி நீட்டினாள். ஹொரேஸ் வாயில் போட்டார். கண்ணை மூடினார். ஏழு வாரப் பிரிவு. 

"இதுதான்! ஓஸெல்லா கை! இருட்டுல கொடுத்தாலும் சொல்லுவேன். அட்லாண்டாவுல இன்னொருத்திக்கு இது வராது."

மிஸ் டெல்ஃபைனும் ஒரு விரல் தொட்டு நக்கினாள். அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நிச்சயமா, மிஸ்டர் ஹொரேஸ்?"

"சத்தியமா!"

"சரி. உங்க வீட்டு விஷயம்," என்று டப்பாவை வாங்கி உள்ளே வைத்தாள்.

ஆறாவது ஞாயிறு. ஓஸெல்லா மஞ்சள் தொப்பியோடு வந்தாள். எட்டு மேஜையும் நிறைந்திருந்தன. எங்கும் தொப்பிகள். ஹொரேஸுக்குத் தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை இருபத்திரண்டு பேர் முன்னால் தாம் ஒரு வான்கோழியோடு நிற்கும் காட்சி கண் முன்னால் வந்து வந்து போயிற்று. இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான்.

தட்டு வந்தது. ஓஸெல்லா கோழியைத் தின்றாள். மக்ரோனியைத் தின்றாள். சர்க்கரைவள்ளியை, கடைசி வாய் உட்படத் தின்றாள். ஹொரேஸ் நெஞ்சு பேருந்து எஞ்சின் மாதிரி அடித்தது. பிறகு கீரை. ஒரு வாய். மெதுவாக மென்றாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன்? என்ன?"

"சொல்லணுமா?"

"சொல்லு, சொல்லு! மனசுல இருக்கறதை அப்படியே சொல்லு!"

"இதைச் செஞ்சவளுக்குக் கீரையே பிடிக்காது போல. ரெண்டே தண்ணியில கழுவியிருக்கா, மண்ணு கடிக்குது. உப்பு போட வேண்டிய இடத்துல சர்க்கரை போட்டிருக்கா. இதை நாய்க்கு வெச்சா அது என்னைப் பாத்து, நான் என்ன தப்புப் பண்ணினேன்னு கேக்கும்."

ஹொரேஸ் துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. முப்பத்தோரு வருஷம் நிறுத்தங்களின் பெயரைக் கூவிய குரல் எட்டு மேஜைக்கும் கேட்டது.

"கேட்டுக்குங்க எல்லாரும்! சகோதரிகளே, சகோதரர்களே! இந்தக் கீரையைச் செஞ்சது யாரு? இதோ, இவதான்! ஓஸெல்லா பிக்கெட்! எங்க வீட்டு ஃப்ரீசர்லேருந்து நானே எடுத்துட்டு வந்தேன்! தன் கைச் சமையலையே தெரியலை, இவ என் நாக்கைப் பத்திப் பேசறா!"

கடையில் "ஆஹா" என்று ஒரு பெருமூச்சு. தொப்பிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. ஓஸெல்லா பதறவில்லை. இனிப்பு டீயை ஒரு வாய் குடித்தாள்.

"என் கைதான்னு உனக்கு நிச்சயமா, ஹொரேஸ்?"

"நிச்சயமாவா? ருசி பாத்தேன்!"

"பாத்தியா? யாராவது கூட இருந்தாங்களா?"

"மிஸ் டெல்ஃபைன் சாட்சி! என்ன சொன்னேன், மிஸ் டெல்ஃபைன்? சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்!"

மிஸ் டெல்ஃபைன் சமையலறை வாசலில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தாள். "இருட்டுல கொடுத்தாலும் தெரியும்னார். அட்லாண்டாவுல இன்னொருத்திக்கு வராதுன்னார்."

"சத்தியம் பண்ணினாரா?"

"பண்ணினார்."

ஓஸெல்லா தலையை ஆட்டினாள். பிறகு சாவகாசமாக, பக்கத்து மேஜைக்கும் சேர்த்துச் சொன்னாள்.

"ஆண்டு விழாவுக்கு மறுநாள் காலையில ஒருத்தர் என் வாசல்ல வந்து நின்னாங்க. கையில ஒரு வெண்ணெய் டப்பா. 'பிரதர் பிக்கெட்டுக்கு என் கை ரொம்பப் பிடிச்சிருக்கு போல, கீரையும் கொடுங்க'ன்னு பல்லைக் காட்டிட்டுப் போனாங்க. சிஸ்டர் லவோனியா க்ரம்ப். நான் அதுல 'கீரை'ன்னு எழுதி ஒட்டி ஃப்ரீசர்ல போட்டேன். என் டப்பா எல்லாத்தையும் அன்னிக்கே தங்கச்சி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். என்னிக்காவது ஒரு நாள் நீ அந்த மூடியைத் தூக்குவேன்னு தெரியும். நேத்து சாயங்காலம் பாத்தேன், டப்பாவைக் காணோம். மஞ்சள் தொப்பிதான்னு முடிவு பண்ணிட்டேன்."

 ஊதாத் தொப்பி போட்ட எங்கள் சபைக் கிழவி ஒருத்தி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "கர்த்தாவே! ரெண்டு தடவையா!" என்றாள். அவ்வளவுதான். எட்டு மேஜையும் சிரித்த சிரிப்பில் மிஸ் டெல்ஃபைனின் கண்ணாடி டம்ளர்கள் கலகலத்தன. பரிமாறுகிற பெண்கூடச் சிரித்துவிட்டாள். கடைக்கு அது நல்லதில்லை.

ஹொரேஸ் நாற்காலியைத் தூக்கி நிறுத்தி அதில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. தோற்றதற்கு அல்ல. ரெண்டாயிரம் ஞாயிறு ஒருத்தி நின்று சமைத்திருக்கிறாள். அவர் ஒரு நாள்கூட நாக்கால் சாப்பிடவில்லை, வயிற்றால்தான் சாப்பிட்டிருக்கிறார்.

"வியாழக்கிழமை இருபத்திரண்டு பேர்," என்றாள் ஓஸெல்லா, கையுறையை மாட்டிக்கொண்டு. "வான்கோழியைப் பெரிசாப் பாத்து வாங்கு."

வேறு ஒருவராக இருந்தால் ஊரை விட்டு ஓடியிருப்பார். ஹொரேஸ் பிடிவாதக்காரர். திங்கள் விடிகாலையில் மிஸ் டெல்ஃபைன் கடை வாசலில் நின்றார். "எனக்குச் சொல்லிக் கொடு." அவளுக்கும் மனசு கேட்கவில்லை. மூன்று நாள் அவரைப் பிழிந்து எடுத்தாள். கீரையை ஏழு தண்ணீரில் அலச வைத்தாள். ஆறாவது தண்ணீரில் நிறுத்தியதற்குக் கரண்டியால் ஒரு போடு போட்டாள். பன்றிக்காலை எத்தனை நேரம் வேக விட வேண்டும், மக்ரோனியின் மேல்தோல் எந்த நிறத்தில் வெளியே வர வேண்டும், எல்லாம் சொன்னாள். புதன் மாலை ஒரு கரண்டிக் கீரையை வாயில் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார். முதல் தடவையாக உப்பு தெரிந்தது, புகை தெரிந்தது, கொஞ்சம் வினிகரும் தெரிந்தது. "மிஸ் டெல்ஃபைன், இதுல இவ்வளவு இருக்கா!" என்றார்.

வியாழக்கிழமை. இருபத்திரண்டு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஜெபம் முடிந்து, கண்ணைத் திறந்து, ஒரே குரலில் கேட்டார்கள்:

"இதெல்லாம் யார் செஞ்சது?"

"ஹொரேஸ்," என்றாள் ஓஸெல்லா.

இருபத்திரண்டு முள்கரண்டிகள் அப்படியே நின்றன. அவள் தம்பிக்கு டாக்டர் சொன்ன ஏதோ ஒன்று ஞாபகம் வந்தது.  ஓஸெல்லா தன் தட்டை நிரப்பிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். வான்கோழி. மக்ரோனி. அப்புறம் கீரை. கடைசியில் ஒரு துண்டு சோள ரொட்டியால் தட்டைச் சுற்றி வழித்து, அதையும் வாயில் போட்டாள். ஒரு வார்த்தை குறை இல்லை. தட்டு கழுவி வைத்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்த பிறகு இருபத்திரண்டு பேரும் பாய்ந்தார்கள்.

ஹொரேஸுக்குக் கண் கலங்கியது. மாவு படிந்த கையால் துடைத்துக்கொண்டார்.

"ஓஸெல்லா! ஒரு வாய் மிச்சம் இல்லை! ஒரு குறை சொல்லலை! ஒத்துக்க!"

"ஒத்துக்கறேன், ஹொரேஸ். மனசார ஒத்துக்கறேன். எங்க அம்மாவுக்கு அப்புறம் இப்படி ஒரு கீரை நான் சாப்பிட்டதில்லை."

"அப்ப பேசினபடி... ஞாயித்துக்கிழமை..."

அவள் எழுந்து வந்து, ஊரறிய, அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். அவர் இடுப்பில் அவிழ்ந்திருந்த சமையல் அங்கியின் முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.

"இப்படி ஒரு கையை ஒளிச்சு வெச்சுக்கிட்டு நாப்பது வருஷம் என்னையா சமைக்க விட்டே? ஞாயித்துக்கிழமை கோழி மொறுமொறுன்னு இருக்கட்டும்."